வேதம் தரப்பட்டது ஒரு நாள். பெறுவதோ ஒவ்வொரு நாளும்

ஈமானின் ஃபர்ளுகளை எண்ணிச் சொல்லும்போது, அல்லாஹ்வை நம்புதல், மலக்குகளை நம்புதல் என்பவற்றை அடுத்து வேதங்களை நம்புதல் என்று நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். தவ்ராத், ஜபூர், இன்ஜீல், ஃபுர்கான் என்னும் நான்கு வேதங்களின் பெயர்களை மக்தபில் ஓதும் ஆறு வயதுப் பிள்ளையும் தடையின்றிச் சொல்லிவிடும். ஆனால் தவ்ராத் எப்படி அருளப்பட்டது, அதைப் பெற்ற சமுதாயத்தார் அந்தப் பெரும் பாக்கியத்தை எவ்வாறு எண்ணிப் பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால் பெரியவர்களே பதில் சொல்லத் தயங்குவர்.

நாம் வாழும் திருவண்ணாமலையில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து தங்கும் ஊர் இது. அவர்களுள் யூதர்களும் உண்டு. இராக் நாட்டில் பிறந்த எஸ்.எஸ். கோஹன் என்னும் யூதர் 1936-இல் இவ்வூருக்கு வந்து ரமணாசிரமத்தில் தங்கித் தம் அனுபவங்களை நூலாக எழுதியிருக்கிறார். மூஸா நபியிடம் இறைவன் தன் பெயரை அறிவித்ததாக யாத்திராகமத்தில் காணப்படும் வாக்கியத்தை ரமணர் அடிக்கடி எடுத்துக்காட்டினார் என்பது அவருடைய உரையாடல் பதிவுகளில் காணக் கிடைக்கிறது. கடைத்தெருவிலும் பள்ளிக்கூட வாசலிலும் பிற சமயச் சகோதரர்கள் நம்மிடம், "உங்கள் குர்ஆனில் மோசே வருகிறாராமே!" என்று வியப்போடு கேட்பதுண்டு. வருகிறார்கள் என்பது மட்டுமன்று. திருக்குர்ஆனில் மிக அதிகமாகப் பெயர் சொல்லப்பட்ட நபி ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களேயாவார்கள். ஏறத்தாழ 136 இடங்களில் அவர்களின் திருப்பெயர் வருகிறது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியும்கூட.

எந்த எல்லையில் நின்று கேட்பது?

யூதர்களின் அறிஞர்கள் சொல்வதை நாம் கேட்கலாமா என்ற ஐயம் எழுவது இயற்கை. இதற்குக் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே வரம்பு காட்டியிருக்கிறார்கள். பனீ இஸ்ராயீலர்களைப் பற்றிய செய்திகளை எடுத்துச் சொல்வதில் குற்றமில்லை என்று ஓரிடத்தில் அருளியிருக்கிறார்கள். வேதக்காரர்கள் இப்ரானீ (ஹீப்ரு) மொழியில் தவ்ராத்தை ஓதி முஸ்லிம்களுக்கு அரபியில் விளக்கிய சமயத்தில், அவர்களை உண்மையென்று ஏற்கவும் வேண்டாம், பொய்யென்று மறுக்கவும் வேண்டாம் என்று பொதுவான ஒரு விதியையும் அருளியிருக்கிறார்கள். இரண்டும் ஸஹீஹ் புகாரியில் உள்ளவை. ஹஜ்ரத் ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் நாயகத்தின் உத்தரவுப்படி யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்று திர்மிதியில் வருகிறது. அறிவைக் கண்டு அஞ்சிய சமுதாயம் அல்ல நம் சமுதாயம்.

மூல தவ்ராத்தை அல்லாஹ் இறக்கியருளினான். அதில் நேர்வழியும் ஒளியும் இருந்தன (5:44). பின்னர் மனிதக் கரங்கள் அதில் புகுந்தன. குர்ஆன் அதற்கு முந்தியவற்றை மெய்ப்பித்து, அவற்றைக் கண்காணிப்பதாகவும் இருக்கிறது (5:48). இதுவே நம் அகீதா. வேதக்காரர்கள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் (3:113) என்பதும் அதே குர்ஆனின் தீர்ப்பு. இன்றைய அரசியல் கொடுமைகளைக் கண்டு நம் உள்ளம் கொதிப்பது நியாயம். ஆயினும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது (5:8) என்ற கட்டளையும் நமக்கே இடப்பட்டிருக்கிறது. அந்த நீதியோடு இனிக் கேட்போம்.

ஐம்பதாம் நாள் பெருநாள்

ஃபிர்அவ்னிடமிருந்து விடுதலை பெற்ற நாளை யூதர்கள் 'பெசாஹ்' என்னும் பண்டிகையாகக் கொண்டாடுகிறார்கள். அதன் இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் வாய்விட்டு எண்ணத் தொடங்கி, 49 நாட்களை எண்ணி முடித்து, 50-ஆம் நாளில் 'ஷாவுவோத்' என்னும் பெருநாளை அடைகிறார்கள். அச்சொல்லுக்கு 'வாரங்கள்' என்பது பொருள். ஸீவான் மாதம் 6-ஆம் நாள் வரும் அதுவே தவ்ராத் அருளப்பட்ட நாள் என்பது அவர்களின் மரபு.

நாட்களை ஏன் எண்ண வேண்டும்? அடிமைத் தளை அறுந்த உடனே மனிதன் சுதந்திரனாகிவிடுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று காட்டும் வேதம் கைக்கு வரும்போதுதான் விடுதலை முழுமை பெறுகிறது. ஆகவே விடுதலை நாளிலிருந்து வேத நாளை நோக்கி ஆவலோடு எண்ணுகிறோம் என்று அவர்களின் அறிஞர்கள் விளக்குகிறார்கள். ரமலானின் நாட்களை எண்ணி லைலத்துல் கத்ரை எதிர்நோக்கும் நமக்கு இந்த ஆவல் புதிதன்று.

அன்றிரவு அவர்களில் பலர் உறங்காமல் விடியும்வரை வேதம் படிப்பார்கள். இதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். தூர் மலையடியில் வேதம் தரப்பட வேண்டிய காலைப்பொழுதில் முன்னோர்கள் தூங்கிவிட்டார்களாம்; மூஸா (அலை) அவர்கள் வந்து எழுப்ப வேண்டியதாயிற்றாம். அந்தத் தூக்கத்துக்கு ஈடாகவே பிள்ளைகள் விழித்திருக்கிறார்களாம். இச்செய்தியை நாம் மெய்யென்றும் கொள்ளவில்லை, பொய்யென்றும் தள்ளவில்லை. ஆனால் முன்னோரின் பெருமையை மட்டும் பேசாமல் அவர்களின் உறக்கத்தையும் நினைவில் வைத்து, அதை நேர்செய்ய ஓர் இரவு விழிப்பது சிந்திக்கத் தக்கது.

இந்தப் பெருநாளுக்கு அவர்களின் தொழுகை நூல்களில் 'வேதம் தரப்பட்ட காலம்' என்று பெயர். 'வேதம் பெறப்பட்ட காலம்' என்று பெயரில்லை. ஏன் இப்படி? போலந்து நாட்டில் வாழ்ந்து 1859-இல் இறந்த கோட்ஸ்க் ஊர் மெனாஹெம் மெண்டல் என்னும் யூத ஞானி சொன்னதாக ஒரு விளக்கம் வழங்குகிறது. தந்தது ஒரே நாளில் நடந்து முடிந்தது. பெறுவது ஒரு நாளில் முடிகிற காரியமன்று. அது ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டியது. தந்தது எல்லோருக்கும் ஒரே அளவு. பெறுவதோ அவரவர் தகுதிக்கேற்ற அளவு என்பது அதன் கருத்து. இந்தக் கட்டுரையில் நாம் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

தாழ்ந்த மலை

மலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டனவாம். உயர்ந்து நின்ற மலைகளெல்லாம் தம்மீதே வேதம் இறங்க வேண்டுமென்று பெருமை பேசினவாம். தாழ்மையோடு பேசாதிருந்த ஸீனா மலையை இறைவன் தேர்ந்தானாம். தவ்ராத் குடியேற வேண்டிய உள்ளம் கர்வமற்ற உள்ளமாக இருக்க வேண்டும் என்பதை உணர்த்த யூத அறிஞர்கள் சொல்லும் உவமைக் கதை இது.

அந்த மலை யாருக்கும் சொந்தமில்லாத பாலைவனத்தில் இருந்ததையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு நாட்டில், ஒரு குலத்தின் நிலத்தில் தரப்பட்டிருந்தால் அந்த நிலத்தார் உரிமை கொண்டாடியிருப்பார்கள். பொதுவெளியில் தரப்பட்டதால் விரும்பி வருகிற எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களின் பழைய விரிவுரைகளில் காணப்படும் கருத்து.

இன்னொரு செய்தி நம் ஊரார் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. வேதம் இறங்கிய வேளையில் அந்த மலையைத் தொடவும் கூடாதென்று தடை இருந்தது. வஹீயின் வேளை முடிந்து எக்காளம் ஊதியதும் தடை நீங்கியது, எவரும் ஏறலாமென்றாயிற்று. இதிலிருந்து அவர்களின் தல்மூத் ஒரு விதியை எடுக்கிறது. இடம் மனிதனுக்குக் கண்ணியம் தருவதில்லை; மனிதனே இடத்துக்குக் கண்ணியம் தருகிறான் என்பது அவ்விதி. இன்று எகிப்தின் ஸீனாயில் ஜபல் மூஸா என்று காட்டப்படும் மலை 2,285 மீட்டர் உயரமுள்ளது. அதன் அடிவாரத்தில் இருப்பது கிறிஸ்தவர்களின் மடம். யூதர்களுக்கு அங்கே கடமையான யாத்திரை ஏதுமில்லை. வேதத்தைச் சுமந்து வந்தார்கள். மலையை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊரில் நாம் குடியிருக்கிறோம். அது நம் அயலாரின் நம்பிக்கை. அதை விமர்சிப்பது நம் நோக்கமன்று. நம் மார்க்கத்தில் மலையின் இடம் எது என்பதை மட்டும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். தூர் மலையின் மீது அல்லாஹ் ஆணையிட்டிருக்கிறான். துவா பள்ளத்தாக்கில் காலணிகளைக் கழற்றுமாறு மூஸா (அலை) அவர்களைப் பணித்தான் (20:12). அதே மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வைக் காண வேண்டியபோது, அவனது தஜல்லிக்கு முன் மலை தூள் தூளாகிவிட்டது (7:143). மலை நிற்கவில்லை, வேதம் நின்றது. குர்ஆனின் முதல் வசனங்கள் இறங்கிய ஹிரா குகைக்குச் செல்வதும் ஹஜ்ஜின் கடமைகளில் ஒன்றாக வைக்கப்படவில்லை என்பதை ஹாஜிகள் அறிவார்கள்.

தலைக்கு மேல் மலை

தவ்ராத்தின் சட்டங்கள் பாரமாக இருக்கின்றனவென்று பனீ இஸ்ராயீலர்கள் தயங்கியபோது, அல்லாஹுத் தஆலா மலையைப் பெயர்த்து அவர்களின் தலைக்கு மேல் நிழற்கூடாரம் போல் உயர்த்தினான், தம்மீது விழுந்துவிடுமென்று அவர்கள் எண்ணினார்கள், கொடுத்ததை உறுதியாகப் பற்றிப் பிடிக்குமாறு கட்டளையிட்டான் (7:171, 2:63). மத்ரஸாவில் ஜலாலைன் தஃப்ஸீர் ஓதிய ஒவ்வொருவரும் இந்த இடத்தைக் கடந்து வந்திருப்பார்.

இதே செய்தி, சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் இராக் நாட்டில் தொகுக்கப்பட்ட பாபிலோன் தல்மூதிலும் இருக்கிறது. மலை ஒரு பெரிய தொட்டியைப் போல் அவர்கள் மேல் கவிழ்க்கப்பட்டது. ஏற்றால் நல்லது, மறுத்தால் இங்கேயே உங்கள் கப்ரு என்று சொல்லப்பட்டது என்பதாக ஓர் அறிஞர் கூறுகிறார். உடனே மற்றோர் அறிஞர் எழுந்து துணிச்சலான கேள்வியொன்றைக் கேட்கிறார். பலவந்தத்தால் செய்த உடன்படிக்கை எப்படிச் செல்லும்? தலைக்கு மேல் மலை நிற்கும்போது யார்தான் மறுப்பார்? நாளை கேள்வி கேட்கப்பட்டால் இதையே காரணமாகச் சொல்லித் தப்பிக்கலாமே!

இதற்கு ராவா என்னும் அறிஞர் பதில் தருகிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், பாரசீக மன்னன் ஒருவன் காலத்தில் அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட யூதர்கள், எந்த மலையும் தலைக்கு மேல் இல்லாதபோது, தம் மனமுவந்து அதே வேதத்தை மறுபடியும் ஏற்றார்களாம். அன்றே உடன்படிக்கை உறுதியாயிற்றாம்.

சகோதர சகோதரிகளே, இதை நம் நிலையோடு பொருத்திப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் முஸ்லிம் பெற்றோருக்குப் பிறந்ததால் முஸ்லிம்களாயிருக்கிறோம். சிறுவயதில் உஸ்தாதின் பிரம்புக்கும் வாப்பாவின் கண்டிப்புக்கும் பயந்து ஓதினோம். அது தவறன்று, அதுவே தொடக்கம். ஆனால் பிரம்பும் இல்லை, கண்டிப்பும் இல்லை என்ற வயதில், எவரும் பார்க்காத நேரத்தில், விரும்பிக் கையில் எடுக்கிறோமா என்பதே கேள்வி. அச்சத்தால் பெற்றதை அன்பால் மறுபடியும் பெற வேண்டும். அந்த இரண்டாம் பெறுதல் நடக்காத வீட்டில் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனதும் குர்ஆனும் போய்விடுகிறது.

கேட்டோம் என்பதற்குப் பிறகு

மூஸா (அலை) அவர்கள் உடன்படிக்கை ஏட்டை வாசித்துக் காட்டியபோது, செய்வோம் என்று முதலிலும் கேட்போம் என்று அடுத்தும் தம் முன்னோர்கள் பதிலளித்ததாக யூதர்கள் பெருமையோடு சொல்வார்கள். கேட்டு, விளங்கி, சரிபார்த்துப் பிறகு செய்வது வியாபாரியின் முறை. செய்வதற்கு முதலிலேயே ஒப்புக்கொண்டு, செய்யச் செய்ய விளங்கிக்கொள்வது அன்புள்ள அடியானின் முறை என்பது அவர்களின் விளக்கம்.

குர்ஆனோ அவர்களின் வாயிலிருந்து வந்த வேறு சொற்களைப் பதிவு செய்கிறது. கேட்டோம், மாறு செய்தோம் என்றார்கள்; காளைக் கன்றின் மோகம் அவர்களின் இதயங்களில் ஊட்டப்பட்டிருந்தது (2:93). இங்கே மொழியறிந்தோர் ஒரு நுட்பத்தைக் காட்டுவார்கள். இப்ரானீயில் 'அஸீனு' என்றால் செய்தோம் என்பது பொருள். அரபியில் 'அஸைனா' என்றால் மாறு செய்தோம் என்பது பொருள். ஓசையால் அண்டை வீடு. பொருளால் வானத்துக்கும் பூமிக்குமுள்ள தூரம். நாவிலே ஒன்று ஒலிக்க, நடத்தையிலே மற்றொன்று ஒலித்தது போலும்!

நமக்குக் கற்றுத் தரப்பட்ட பதிலோ, கேட்டோம், கட்டுப்பட்டோம் என்பதாகும் (2:285). இஷாவுக்குப் பின் உறங்கப் போகுமுன் பகரா சூராவின் இந்தக் கடைசி இரு ஆயத்துகளையும் ஓதும் பழக்கம் நம் தாய்மார்கள் பலரிடம் உண்டு. ஓதும்போதெல்லாம் அன்றைய பகலை நினைத்துப் பார்க்க வேண்டும். கடையில் நிறுத்த நிறுவையும், அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசிய பேச்சும், பங்கு தராமல் வைத்திருக்கும் சகோதரியின் சொத்தும் 'அதஃனா' என்ற சொல்லோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உடைந்த பலகைகள்

முப்பது இரவுகளை வாக்களித்து, பத்தைக் கொண்டு நிறைவாக்கி, நாற்பது இரவுகளுக்குப் பின் பலகைகள் தரப்பட்டன (7:142, 145). கீழே காளைக் கன்றைக் கண்டு வெகுண்ட மூஸா (அலை) அவர்கள் பலகைகளைப் போட்டார்கள். கோபம் தணிந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டார்கள் (7:150, 154). யூதர்களின் மரபில், முதற் பலகைகள் உடைந்துபோக, தௌபாவுக்குப் பின் இரண்டாம் பலகைகள் தரப்பட்டன. அந்த இரண்டாம் பலகைகள் கிடைத்த நாளே அவர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாளாகிய யோம் கிப்பூர்.

உடைந்த துண்டுகள் என்னவாயின? அவை வீசப்படவில்லை, முழுப் பலகைகளோடு அதே பேழையில் வைக்கப்பட்டன என்று தல்மூத் கூறுகிறது. நம் தஃப்ஸீர்களிலும் இதன் சாயல் உண்டு. தாலூத் மன்னருக்கு அடையாளமாக வந்த பேழையில் மூஸா, ஹாரூன் குடும்பத்தாரின் எஞ்சிய பொருள்கள் இருந்தன (2:248) என்ற வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது, அசா, காலணிகள், ஹாரூன் (அலை) அவர்களின் தலைப்பாகை ஆகியவற்றோடு பலகைகளின் துண்டுகளும் இருந்ததாக ஜலாலைனில் காண்கிறோம்.

இதிலிருந்து யூத அறிஞர்கள் எடுத்த பாடம் உள்ளத்தை உருக்குவது. முதுமையாலோ நோயாலோ வாழ்க்கைத் துன்பத்தாலோ கற்றதை மறந்துவிட்ட முதியவரை மதித்து நடங்கள். உடைந்த பலகைகளும் பேழையில்தானே இருந்தன என்று ஓர் அறிஞர் தம் மக்களுக்கு வஸிய்யத்து செய்கிறார்.

நம் மஹல்லாக்களில் இத்தகையோர் இல்லையா? ஒரு காலத்தில் தராவீஹில் முழுக் குர்ஆனையும் ஓதி ஊரை அழவைத்த ஹாபிஸ், இன்று ஃபாத்திஹாவிலேயே தடுமாறி மூலையில் அமர்ந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அலிஃப் பே கற்றுத்தந்த ஆலிமா, இன்று மருமகளின் பெயரையே மறந்திருக்கிறார். இவர்களை ஜமாஅத்தில் எங்கே உட்கார வைக்கிறோம்? பெருநாளன்று யார் போய் ஸலாம் சொல்கிறார்கள்? இவர்கள் உடைந்த பலகைகள். எழுத்து அழிந்தாலும் அது எழுதப்பட்டிருந்த பலகை அல்லவா!

இந்திய மண்ணில் இரு படிப்பினைகள்

இதுவரை கேட்டவை நூல்களில் உள்ளவை. நம் நாட்டிலேயே இரு யூத சமுதாயங்களின் வரலாறு இவற்றைக் கண்முன் நிறுத்துகிறது.

முதலாவது, கொங்கண் கரையின் 'பெனே இஸ்ராயேல்' மக்கள். பம்பாய்க்குத் தெற்கே நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, கரை சேர்ந்த சில தம்பதியரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் மரபு. வேத நூல்கள் கடலோடு போய்விட்டனவாம். செக்காட்டி எண்ணெய் எடுக்கும் தொழில் செய்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பெயர் பெற்றார்கள். நூல் இல்லை, ஆசான் இல்லை, மொழியும் மறந்துவிட்டது. ஆனால் இறைவன் ஒருவனே என்று சாற்றும் 'ஷெமா' என்னும் ஒரே வாசகமும், கத்னாவும், ஓய்வுநாளும், உணவு விதிகளும் மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றன. கொச்சியிலிருந்து வந்த ரஹாபி என்னும் யூத அறிஞர் இவர்கள் யூதர்கள்தாமா என்று சோதிக்க, பலவகை மீன்களைக் கலந்து பெண்களிடம் சமைக்கக் கொடுத்தாராம். செதிளும் துடுப்பும் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அப்பெண்கள் ஒதுக்கினார்களாம். பின்னர் அவர்களிலேயே சிலருக்கு ஓதிக்கொடுத்து வழிகாட்டிகளாக்கினார் என்கிறார்கள். அந்த வழிகாட்டிகளுக்கு வழங்கிய பெயர் 'காஜி'. நம் 'காஜி' என்ற சொல்லேதான்.

ஏடு தொலைந்தபோது சமையலறை காத்தது. ஆண்கள் மறந்ததைப் பெண்களின் கை மறக்கவில்லை. நூற்றாண்டுகளுக்குப் பின் ஆசான் வந்தபோது அந்தச் சிறு தீக்கங்கே மறுபடி விளக்கேற்றப் போதுமானதாயிற்று. 1796-இல் பம்பாயில் அவர்களின் முதல் தொழுகைக்கூடம் எழுந்தது. அதைக் கட்டிய சாமுவேல் திவேகர் கம்பெனிப் படையில் இருந்தவர். மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் கைதியானபோது, தாம் பனீ இஸ்ராயீலைச் சேர்ந்தவர் என்று சொல்ல, குர்ஆனில் மட்டுமே கேட்டிருந்த அப்பெயரைச் செவியுற்ற சுல்தானின் தாயார் அவருக்காகப் பரிந்து பேசினார் என்று அம்மக்கள் இன்றும் நன்றியோடு சொல்லி வருகிறார்கள்.

இரண்டாவது, கொச்சி யூதர்கள். கேரளக் கரையில் அவர்களும் நம்மவரும் நெடுங்காலம் அண்டை அயலாராக வாழ்ந்தார்கள். கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் செப்பேட்டில் சாட்சிகளாக ஒப்பமிட்ட வணிகர்கள் சிலர் அரபி எழுத்திலும் சிலர் ஹீப்ரு எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் இன்றும் நிற்கிறது. தோலில் கையால் எழுதிய தவ்ராத் சுருள்கள் அதில் உள்ளன. ஒரு சுருளில் 304,805 எழுத்துகள் உண்டு. ஓர் எழுத்து விடுபட்டாலும் அது ஓதுவதற்கு ஆகாது. ஆண்டு முழுதும் வாரந்தோறும் ஒரு பகுதியாக ஓதி முடிக்கும் நாளில், சுருள்களைப் பட்டால் அலங்கரித்துக் கையில் ஏந்திக் கூடத்தின் உள்ளும் வெளியும் வலம் வந்து மகிழ்வார்கள். கடைசி வரியை ஓதிய கையோடு முதல் வரியை மீண்டும் தொடங்குவார்கள்.

1950-களில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் இப்போது எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. சபையில் தவ்ராத் சுருளை விரித்து ஓதப் பத்து ஆண்கள் கூட வேண்டுமென்பது அவர்களின் சட்டம். உள்ளூரில் பத்துப் பேர் இல்லை. சுருள் இருக்கிறது, பேழை இருக்கிறது, விளக்குகள் தொங்குகின்றன, பார்வையாளர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்த்துச் செல்கிறார்கள். ஓதுவதற்குத்தான் ஆளில்லை.

ஓர் இடத்தில் வேதம் இல்லை, பெறத் துடித்த மக்கள் இருந்தார்கள். மற்றோர் இடத்தில் வேதம் இருக்கிறது, பெற மக்கள் இல்லை. நம் வீடு இவ்விரண்டில் எதைப் போன்றது?

சுமப்பதும் பெறுவதும்

தவ்ராத்தைச் சுமத்தப்பட்டும் அதைச் சுமக்காதவர்களுக்கு ஏடுகளைச் சுமக்கும் கழுதையை உவமையாகச் சொல்கிறான் அல்லாஹ் (62:5). இதை ஓதும்போது பிறரைச் சாடும் வசனம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் 11-ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஸ்பெயினில் வாழ்ந்து, உள்ளத்தின் கடமைகளைப் பற்றி அரபியிலேயே நூல் எழுதிய பஹ்யா இப்னு பகூதா என்னும் யூத அறிஞர், பொருளறியாமல் வேதச் சொற்களை மட்டும் கற்றிருக்கும் தம் மக்களைச் சுட்ட, ஏடு சுமக்கும் கழுதை என்ற அதே உவமையை எடுத்தாண்டிருக்கிறார். அவர் அந்த உவமையைத் தம் மீதே திருப்பிக்கொண்டார். நாம் திருப்பிக்கொள்ள வேண்டாமா? நிக்காஹ் சீரில் வெல்வெட் உறையிட்டு வந்த குர்ஆன், பேரப்பிள்ளை பிறந்த பின்னும் அதே மடிப்போடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறதென்றால், அந்த வீட்டுக்குக் குர்ஆன் தரப்பட்டது. ஆனால் இன்னும் பெறப்படவில்லை. தம் சமூகத்தார் இந்தக் குர்ஆனைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று ரஸூல் (ஸல்) அவர்கள் முறையிடுவார்கள் (25:30) என்ற வசனம் நடுங்க வைக்க வேண்டிய வசனமாகும்.

இல்லங்களில் செய்ய வேண்டியவை

1. நாள்தோறும் மஃரிபுக்குப் பின் கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட்டு, வீட்டார் அனைவரும் கூடியமர்ந்து சில ஆயத்துகளையேனும் ஓத வேண்டும். ஓதியதன் பொருளைத் தமிழில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். ஒவ்வொரு ரஸூலும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் (14:4). நமக்கோ தமிழில் தர்ஜமாக்களும் தஃப்ஸீர்களும் நிறைந்திருக்கின்றன.

2. வாரத்துக்கு ஒரு கட்டளையை எடுத்து அந்த வாரம் முழுதும் அதைச் செய்துபார்க்க வேண்டும். புறம் பேசாதிருத்தல் ஒரு வாரம்; வாக்குக் காத்தல் ஒரு வாரம்.

3. கத்தம் முடிந்த அன்றே ஃபாத்திஹாவையும் பகராவின் தொடக்கத்தையும் ஓதி அடுத்த கத்தத்தைத் தொடங்கும் நம் பெரியோர்களின் வழக்கத்தைக் கைவிடக் கூடாது. பயணம் முடித்து இறங்கியதும் மறுபயணம் புறப்படுபவனைப் போல் குர்ஆனை முடித்ததும் தொடங்குபவனின் சிறப்பு திர்மிதியில் சொல்லப்பட்டிருக்கிறது.

4. மறந்துபோன ஹாபிஸையும் முதிய உஸ்தாதையும் மாதம் ஒருமுறையேனும் பிள்ளைகளோடு சென்று சந்தித்து அவர்களின் துஆவைப் பெற வேண்டும்.

5. தாய்மார்கள் தங்கள் பொறுப்பை உணர வேண்டும். ஹலாலான உணவு, பிஸ்மியோடு தொடங்கும் வேலை, உறங்குமுன் சொல்லித் தரும் கலிமா ஆகிய இவை சிறியவையல்ல. நாளை எந்த அலையில் எதைப் பறிகொடுத்தாலும் பிள்ளையின் கையில் மிஞ்சப்போவது இவையே.

தவ்ராத்தைப் பெற்றவர்களின் வரலாற்றை அல்லாஹ் இவ்வளவு விரிவாக நமக்குச் சொன்னது அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்காக அன்று. அந்தக் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்ப்பதற்காகவே. மலைக்கு இறங்கியிருந்தால் மலையே பிளந்திருக்கும் (59:21) என்று சொல்லப்பட்ட குர்ஆன், நம் கைக்குள் அடங்கும் அளவில் நம் வீட்டில் இருக்கிறது. இன்றிரவு அதன் உறையைக் கழற்றுவோமாக.

யா அல்லாஹ்! உன் வேதத்தைச் சுமப்பவர்களாக மட்டும் எங்களை ஆக்கிவிடாமல், நாள்தோறும் அதைப் பெறுபவர்களாக ஆக்குவாயாக! கேட்டோம், கட்டுப்பட்டோம் என்று எங்கள் நாவு சொல்வதை எங்கள் நடத்தையும் சொல்லச் செய்வாயாக! ஆமீன். வல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.